தம்பி பேரில் நடந்த நடை

நூத்திப் பன்னெண்டு. மூணு சுத்து முடிஞ்சு நாலாவது ஆரம்பிக்குது, வேப்பமரத்துக்கிட்ட மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தா நூத்திப் பன்னெண்டு கலோரி. பரவாயில்லை, நேத்து இதே மரத்துக்கிட்ட நூத்தியெட்டுதான் காட்டுச்சு. இன்னைக்கு நெஞ்சு கொஞ்சம் படபடன்னு அடிக்குது, அதுக்குத்தான் இந்த நாலு கூட. அடிக்காம என்ன செய்யும், பத்து மணிக்கு ஸ்கேன். ஆஸ்பத்திரியில குளுகுளு ரூமுக்குள்ள படுக்கப்போட்டு என் ஈரல்ல எவ்வளவு கொழுப்பு மிச்சமிருக்குன்னு பார்க்கப் போறாங்க. பத்து சதவீதத்துக்குக் கீழ இறங்கியிருந்தா அதுல பாதிக்கு மேல அறுத்து என் தம்பி குமரகுருவுக்கு வைப்பாங்க. இறங்கலைன்னா வைக்க மாட்டாங்க. வேற ஆளும் கிடையாது. அவன் பொண்டாட்டி அமுதாவுக்கு ரத்த குரூப் சேரலை, மக நித்திலாவுக்குப் பதினஞ்சு வயசு, அம்மா இல்லை, அப்பா இல்லை. சுத்திச் சுத்திப் பார்த்துட்டு எல்லாரும் கடைசியில என் வயித்தைத்தான் பார்த்தாங்க. மங்கையர்க்கரசி, வயசு நாப்பத்தஞ்சு, எடை எழுபத்தேழு, குரூப் சேருது, ஆனா ஈரல்ல கொழுப்பு. எட்டு கிலோ குறைங்க, கொழுப்பு தானா வடியும், ஆறு வாரம் தர்றேன், அதுக்கு மேல உங்க தம்பிக்கு நேரம் இருக்கான்னு என்னால சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னார். ஆறு வாரம் நேத்தோட முடிஞ்சுது. நாப்பத்திரெண்டு நாள், ஒரு நாள் தவறாம இந்தப் பூங்காவைச் சுத்தியிருக்கேன், காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், மழை பெஞ்ச அன்னைக்குக் குடையைப் பிடிச்சுக்கிட்டு. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாதுன்னு ஏன் இப்ப நினைக்கிறேன், யாரு சொன்னா குறை? நட, நட. நூத்திப் பதினாலு.

வாட்ச் அவனோடது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சுகர் கூடி, வயிறு முன்னாடி வந்து, நடக்கலைன்னா ஆகாதுன்னு டாக்டர் மிரட்டினப்ப வாங்கினான். குடிக்கிறவன் இல்லை. அதைச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. ஈரல் கெட்டுப்போச்சுன்னு சொன்னாலே, ஓ, அப்படியான்னு ஒரு இழுவை இழுக்குறாங்க பாரு, எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். என் தம்பி கல்யாண வீட்டுல கூட ஒரு சொட்டு தொட்டதில்லை. சோறு தின்னான், உட்கார்ந்த இடத்துல வேலை பார்த்தான், அவ்வளவுதான் அவன் செஞ்ச பாவம். வெறும் கொழுப்பே ஈரலைக் கல்லாக்கிரும்னு அவனுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். இந்த வாட்ச்சைக் கட்டிக்கிட்டு சாயங்காலம் நடப்பான். பத்தாயிரம் அடி நிறையலைன்னா டிவி முன்னால உட்கார்ந்துகிட்டே கிலுகிலுப்பை ஆட்டுற மாதிரி கையை ஆட்டுவான், இதுவும் அதை நம்பி அடி அடியா ஏத்தும். நாங்க அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். அப்புறம் வயித்துல தண்ணி கட்டி, கால் வீங்கி, செருப்பு நுழையாம ஆனப்ப, நான் நடக்கப் போறேன்னு தெரிஞ்சதும் கழட்டி என் கையில வச்சான். இனி எனக்கெதுக்குக்கா, நீ கட்டிக்கன்னான். அந்த 'இனி எனக்கெதுக்கு' எனக்குப் பிடிக்கவே இல்லை. வாயை மூடுடா, ஆறு மாசத்துல திருப்பித் தந்துருவேன்னேன். நித்திலாதான் என் போன்ல அந்த ஆப்பை ஏத்தி, அவ அப்பா பேர்ல இருந்த கணக்கைத் திறந்து, அத்தை, பேரு வயசெல்லாம் அழிச்சுட்டு உங்களோடதைப் போடட்டான்னு கேட்டா. ஐயையோ வேண்டாம்டின்னு அவ கையைப் பிடிச்சுட்டேன். இருக்கிற மனுஷன் பேரை அழிக்கிறதா? அவன் பக்கத்து ரூம்ல மல்லாந்து படுத்திருக்கான், நாங்க இங்க உட்கார்ந்து குமரகுருவை அழிக்கவா சரியான்னு அது கேட்க, சரின்னு அமுக்கவா? ரேஷன் கார்டுல ஒருத்தர் பேரை எப்ப எடுப்பாங்க? செத்தா எடுப்பாங்க. இல்லைன்னா கட்டிக் குடுத்து அனுப்பினா எடுப்பாங்க. எனக்குக் கல்யாணமான மூணாம் மாசம் அப்பா போய் என் பேரை எடுத்துட்டு வந்தாரு, அந்தக் கார்டுல என் பேர் மேல சிவப்பு மையில ஒரு கோடு, அதைப் பார்த்து அம்மா ஒரு பகல் பூரா சாப்பிடலை. அப்படியே இருக்கட்டும்டி, பேருல என்ன இருக்குன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் இலக்கு முடிஞ்சா அது 'வாழ்த்துகள் குமரகுரு'ன்னு போடும். அதைப் பார்க்க எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ ஒருத்தராவது அவனை வாழ்த்துறாங்களேன்னு இருந்துச்சு.

முட்டி வலிக்குது. இடது முட்டி, எப்பவும் இந்த எட்டு போடுற இடத்துலதான் ஆரம்பிக்கும். நம்ம ஊர்ல எந்தப் பூங்காவுலயும் சிமெண்டுல பெருசா ஒரு எட்டு போட்டு வச்சுருவாங்க, சர்க்கரைக்கு நல்லதாம், முன்னாடி ரெண்டு பெரியவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்காம எட்டு எட்டா வளைஞ்சுகிட்டு இருக்காங்க. நான் எட்டுக்குப் போறதில்லை, தலை சுத்தும். வெளிச்சுத்துதான். வியர்வையில மாவு வாசனை வருது, எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. பதினோரு வருஷமா இட்லி மாவு ஆட்டி வித்துக்கிட்டிருக்கேன், அஞ்சு கிரைண்டர், ஒரு நாளைக்கு நூத்தி இருபது பாக்கெட்டு. வாட்ச்சை வலது கையில கட்டித்தான் எனக்குப் பழக்கம், அந்தக் கையாலதான் மாவை அள்ளி அள்ளிக் கவர்ல ஊத்துவேன். ஒவ்வொரு அள்ளுக்கும் இது ஒரு அடி போட்டுக்கும். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நின்ன இடத்துல நின்னு நாலாயிரம் அடி நடந்திருப்பேன். முதல் நாள் எனக்கே சிரிப்பு வந்துச்சு. அப்புறம், அதுவும் உழைப்புதானே, கை வலிக்குதா இல்லையா, உடம்பு எரியத்தானே செய்யும்னு விட்டுட்டேன். சாப்பாட்டுக்கு அட்டவணை எழுதிக் குடுத்த ஆஸ்பத்திரிப் பொண்ணு ஆயிரத்து இருநூறு கலோரின்னா. ரொம்பப் பசிச்சா நடந்து எரிக்கிறதுல கொஞ்சம் சேர்த்துச் சாப்பிடலாம்மா, முழுசும் வேண்டாம்னா. அந்தக் கொஞ்சம் முதல் வாரம் கால்வாசியா இருந்துச்சு, ரெண்டாவது வாரம் பாதி, அப்புறம் எரிச்சதை எரிச்சபடி தின்னேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க, நான் அளந்துதான் போட்டேன். எங்க வீட்டுக்காரர் டெப்போவுல மெக்கானிக், வேலை முடிஞ்சு வர்றப்ப ஒரு பால்பன் வாங்கிட்டு வருவார், எண்ணெயில பொரிச்சு ஜீராவுல ஊறி, அமுக்கினா விரல் உள்ள போகும். உன் கணக்குல இடம் இருக்கா பாருன்னு கேட்டுட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காம நிப்பார். நான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பேன். இடம் இருக்கும். என்னைக்கும் இல்லாம போனதே இல்லை. மனுஷன் கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷத்துல எனக்குன்னு தனியா ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்தது கிடையாது. எப்ப ஆரம்பிச்சார்? நான் குடுக்க அவரும் சம்மதம்னு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்ட மறுநாள்ல இருந்து. இதை நான் இப்பத்தான் யோசிக்கிறேனா?

நூத்தி அறுபத்தெட்டு. இன்னைக்குக் காலையில வெறும் வயிறு, தண்ணி கூட ரெண்டு மடக்குதான், அதான் கண்ணுல பூச்சி பறக்குது. மூணாவது வாரம் மருந்துக்கடை வாசல்ல இருக்கிற மிஷின்ல ஏறினேன், எழுபத்தஞ்சு எண்ணூறு காட்டுச்சு. மூணு வாரத்துக்கு ஒண்ணே கால் கிலோ. தரை சாஞ்சிருக்குன்னு அந்தக் கடைக்காரர்கிட்ட சண்டை போட்டேன். அவர் பாவம், குனிஞ்சு கீழ அட்டையை மடிச்சு வச்சு மறுபடியும் ஏறுங்கம்மான்னார், நான் ஏறலை. நேரமாச்சுன்னு வந்துட்டேன். அதுக்கப்புறம் எந்த மிஷின்லயும் ஏறலை. எதுக்கு ஏறணும், கையில கட்டியிருக்கிறதே நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லுது. அதை விடு. பாவாடைக் கயிறு இடுப்புல ஒரு முடிச்சு உள்ள தள்ளித்தான் கட்டுறேன். சதை குறைஞ்சிருக்கு. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம வந்து சொல்லிட்டுப் போறாங்க, பெரியப்பா மக சொன்னா, அமுதாவோட பொறந்த வீட்டுல சொன்னாங்க, என்னமோ நான் மறந்துட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒருத்தராவது ஒனக்குப் பயமா இருக்கான்னு கேட்டாங்களா? என் மகன் கபிலனைப் பெத்தப்ப எனக்கு ஆபரேஷன்தான். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சு, ஆனா காது கேட்டுச்சு. துணிப்பைக்குள்ள சில்லறையைத் துழாவுற மாதிரி என் வயித்துக்குள்ள யாரோ துழாவுறாங்க, வலி இல்லை, ஆனா துழாவுறது தெரியுது, அந்த நர்சு யார்கிட்டயோ மத்தியானம் என்ன சாப்பாடுன்னு கேட்குறா. அன்னைக்கு நான் நினைச்சேன், இப்படியே என்னை மூடாம விட்டுட்டுச் சாப்பிடப் போயிருவாங்களோன்னு. இருபது வருஷமாச்சு, இன்னும் மீன் வெட்டுற இடத்துல நிக்க மாட்டேன். இதுல எட்டு மணி நேரமாம். மறுபடியும் வளர்ந்துரும், ரெண்டு மூணு மாசத்துல பழைய அளவுக்கு வந்துரும்னு படம் போட்டுக் காட்டினாங்க. வளரும். வளருதுன்னே வச்சுக்க. வளராத ஆளு ஒருத்தர் கூடவா இருந்திருக்க மாட்டாங்க? அதை நான் டாக்டர்கிட்ட கேட்டேன், அவரும் மறைக்காம சொன்னார், நூத்துல ஒண்ணுக்கும் கீழன்னு. அந்த ஒண்ணுக்கும் கீழ இருக்கிறவளுக்கு ஒரு பேரு இருக்கும்ல, அவளும் ஒரு தம்பிக்கோ புருஷனுக்கோதானே குடுத்திருப்பா.

அவனை நான்தான் ஊட்டி வளர்த்தேன். அம்மா மில்லுக்குப் போயிரும், நாலு வயசு மூத்தவ நான், சோத்தைப் பிசைஞ்சு உருண்டை உருண்டையா வாயில திணிப்பேன். ஒல்லிக்குச்சி மாதிரி இருப்பான், திங்க மாட்டான், மூக்கைப் பிடிச்சா வாயைத் திறப்பான், அந்த நேரம் பார்த்து உள்ள தள்ளுவேன். ஒரு தட்டு காலியானா எனக்கு அப்படி ஒரு பெருமை. அம்மா வந்து தட்டைப் பார்த்துட்டு என் கன்னத்தைக் கிள்ளும். திங்கிறது நல்லதுன்னு அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தா? அந்த வயிறு நான் வளர்த்த வயிறு. இதை யார்கிட்டயும் சொன்னதில்லை, சொன்னா பைத்தியம்னுவாங்க. எல்லா அக்காளும்தான் ஊட்டுறா, எல்லாத் தம்பிக்குமா ஈரல் போகுதுன்னு கேட்பாங்க. கேட்கட்டும். ஆனா ராத்திரி சாப்பிட உட்கார்ந்தா எனக்கு அந்த மூக்கைப் பிடிச்சதுதான் ஞாபகம் வரும், ஞாபகம் வந்துகிட்டே பால்பன்னைப் பிட்டு வாயில போடுவேன். வேற எப்படித் தின்னேன்னு நினைக்கிற? அழுதுகிட்டா? இல்லை, நல்லா ருசிச்சுத்தான் தின்னேன். சரி போதும், ஆறாவது சுத்து, டீச்சர் கை காட்டுறாங்க.

ஹெப்சிபா டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஈர்க்குச்சி உடம்பு, அறுபத்தொரு வயசுக்கு என்னைவிட வேகமா நடப்பாங்க. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிறப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஆரம்பிப்போம், அப்புறம் அவங்க முன்னாடி போயிருவாங்க. இன்னைக்கு என்னமோ ஸ்கேன்னு தெரிஞ்சு பெஞ்சுல எனக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல உட்காரச் சொன்னாங்க. ஜெபத்துல உன் தம்பி பேரையும் சொல்லியிருக்கேன்னாங்க. அப்புறம் சும்மா பேச்சுக்கு, ஆறு சுத்துக்கு எனக்கு நூத்தி முப்பது, உனக்கு எவ்வளவுன்னு கேட்டாங்க. நான் கையை நீட்டினேன். இருநூத்தி இருபத்தாறு. டீச்சர் கண்ணாடியை நெத்தியில இருந்து இறக்கி விட்டுக்கிட்டு மறுபடியும் பார்த்தாங்க. நான் ஒல்லி, எனக்குக் கம்மியாத்தான் காட்டும், கனமான உடம்பைத் தூக்கிட்டு நடக்கிறவங்களுக்குக் கூடத்தான் எரியும், அதெல்லாம் சரி, ஆனா இம்புட்டு வித்தியாசம் வராதேம்மான்னாங்க. எனக்கு உடனே கோபம் வந்துச்சு. உங்க வாட்ச்சு பழசா இருக்கும்னு கூடச் சொல்லிட்டேன். அவங்க கோபப்படலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககிட்டப் பேசுற மாதிரி நிதானமா, "இந்தக் கடிகாரத்துக்கு உன்னைத் தெரியாது மங்கை. நீ என்ன எழுதிக் குடுத்தியோ அதைத்தான் நம்பும். எடை எவ்வளவு போட்டிருக்க?"ன்னு கேட்டாங்க.

எடை எவ்வளவு போட்டிருக்கேன். நான் எங்க போட்டேன். நான் எதுவுமே போடலையே. போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, ஓரத்துல பல்சக்கரம் மாதிரி இருக்கிறதைத் தொட்டா, அது பாட்டுக்குத் திறந்துச்சு. பெயர் குமரகுரு. ஆண். வயது நாப்பத்தொண்ணு. உயரம் நூத்தி எழுபத்தெட்டு. எடை தொண்ணூத்தெட்டு. கட்டும் கை இடது. அவ்வளவுதான், அஞ்சாறு வரி. டீச்சர் என் தோள் வழியா எட்டிப் பார்த்துட்டு, ஆண்டவரேன்னு மெல்லச் சொன்னாங்க, அப்புறம் என் முதுகைத் தட்டிக் குடுத்துட்டு, எல்லாம் சரியாப் போட்டாலும் இதுங்க கொஞ்சம் கூட்டித்தான்மா சொல்லும், கால்வாசியைத் தள்ளிட்டுத்தான் நம்பணும்னு ஏதோ சமாதானம் சொன்னாங்க. கேட்குற நிலையில நான் இல்லை. அவங்க புரிஞ்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனாங்க.

தொண்ணூத்தெட்டு கிலோ ஆம்பளை ஒருத்தன் நாப்பத்திரெண்டு நாளா இந்தப் பூங்காவைச் சுத்தியிருக்கான். நான் இல்லை. என் காலை வச்சு அவன் நடந்திருக்கான், அவன் எரிச்சிருக்கான், நான் தின்னிருக்கேன். ஒரு நடைக்கு நூறு கூடன்னு வச்சாலும் ரெண்டு நடைக்கு இருநூறு, மாவு அள்ளுனது ஒரு நூத்தைம்பது, ஒரு நாளைக்கு முந்நூத்தைம்பது, ஒரு பால்பன்னுக்கு மேல. நாப்பத்திரெண்டு பால்பன். வரிசையா அடுக்கினா இந்த பெஞ்சு நிறையும். எழுபத்தேழுல இருந்து எவ்வளவு இறங்கியிருப்பேன், ரெண்டு கிலோ? ரெண்டரை? எட்டு கேட்டார் டாக்டர். ஆறு வாரம் கேட்டா கேட்ட இடத்துல கிடைக்கிற சாமானா, திரும்பப் போய் இன்னும் ஆறு வாரம் குடுங்கன்னு நிக்க? போன செவ்வாய்க்கிழமை அவன் வயித்துல இருந்து நாலு லிட்டர் தண்ணி எடுத்தாங்க. மறுநாள் என்னைப் பார்த்து அமுதாவான்னு கேட்டான். நான் மங்கைடான்னதும் தெரியுது தெரியுதுன்னான், ஆனா தெரியலை. இதையெல்லாம் நினைச்சு எனக்கு அழுகை வரணும். வருதான்னு பார்க்குறேன். வரலை. வந்தது வேற. அந்தத் தொண்ணூத்தெட்டைப் பார்த்த உடனே, டீச்சர் ஆண்டவரேன்னு சொல்றதுக்கும் முன்னாடி, எனக்குள்ள ஒண்ணு வந்துச்சு, சொல்லவே வாய் கூசுது, அப்பாடான்னு வந்துச்சு. அப்பாடா. வெட்ட மாட்டாங்க. என் மேல தப்பு இல்லை. நான் நடந்தேன், ஊரே பார்த்துச்சு, மெஷின் தப்பாக் காட்டினா நான் என்ன செய்ய முடியும். தம்பி பேரை அழிக்க மனசு வராததால வந்த வினைன்னு சொன்னா கேட்கிறவங்க கண்ணு கலங்கிருவாங்க. எங்க பெரியப்பா மக என்னைக் கட்டிப்பிடிச்சு அழுவா. எவ்வளவு நல்ல காரணம் பாரு. இதைவிட நல்ல காரணம் நானே உட்கார்ந்து தைச்சாலும் கிடைக்காது.

தைச்சேனா? அதுதான் இப்ப இடிக்குது. மூணாவது வாரம் அந்த மருந்துக்கடையில இருந்து வந்த அன்னைக்கு சாயங்காலம் இதே பல்சக்கரத்துக்கிட்ட என் விரல் போச்சு. போச்சு, எனக்கு ஞாபகம் இருக்கு. மாவு அள்ளிட்டுக் கையைக் கழுவி முந்தானையில துடைச்சுட்டு, ஏன் குறையலை, எங்கயோ தப்பு இருக்கு, நித்திலா அன்னைக்கு என்னமோ வயசு எடைன்னு கேட்டாளேன்னு ஒரு யோசனை வந்துச்சு. பேரு மட்டும் இல்லை, எடைன்னும் அவ கேட்டா. கேட்டா. அந்த யோசனையோட விரலைக் கொண்டுபோனவ, தொடாம, போனைக் கவுத்து வச்சுட்டு அடுத்த கிரைண்டரைக் கழுவப் போயிட்டேன். அப்புறம் அவர் வந்தார், இடம் இருக்கா பாருன்னார், இருக்குன்னேன். ஆக அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்காம ஒரு பன்னைப் பிட்டுப் பிட்டு முடிச்சோம், தினமும். சம்மதக் கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து வண்டியை எடுக்கிறப்ப அவர் சொன்னார், நான் போட்டது உனக்காக, உன் தம்பிக்காக இல்லைன்னு. நான் பின்னாடி ஏறி உட்கார்ந்தேன். எல்லாரும் என்னைத் தெய்வமாக்கிட்டாங்க, தெய்வம் வேண்டாம்னு சொல்லுமா? ஒரு தரம், ஒரே ஒரு தரம், யாராவது, மங்கை, ஒனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு கேட்டிருந்தா, நான் சத்தியமா இல்லை இல்லை நான் குடுக்குறேன்னுதான் சொல்லியிருப்பேன். சொல்லிட்டு ஒழுங்கா ராகிக்கஞ்சி குடிச்சிருப்பேன். கேட்கலை. கேட்காததால தின்னேன். இது ஒரு நியாயமா? நியாயம் இல்லைதான். சர்க்கரை எட்டு போடுறவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க, வெயில் பெஞ்சு வரைக்கும் வந்துருச்சு.

ஏழு மணிக்குப் போன் அடிக்கும். அவன்தான். தினமும் இந்நேரம் கேட்பான், இன்னைக்கு எவ்வளவுக்கா எரிச்சன்னு. நான் சொல்லுவேன், அவன் பக்கத்துல இருக்கிற காலண்டர் அட்டையில அமுதாவை விட்டு எழுதச் சொல்லுவான். இருநூத்தி நாப்பதுன்னு சொன்னா சபாஷ்பான், குரல்ல தெம்பு வரும், அன்னைக்குக் கூட ரெண்டு வாய் கஞ்சி இறங்கும்னு அமுதா சொல்லுவா. அடிச்சுது. எடுக்காம பார்த்துக்கிட்டே இருந்தேன், நின்னுச்சு, மறுபடியும் அடிச்சுது. எடுத்தேன். குரல் இன்னைக்குத் தெளிவா இருந்துச்சு, ஸ்கேனுக்குன்னு ராத்திரியெல்லாம் தெளிவைச் சேர்த்து வச்ச மாதிரி. எவ்வளவுன்னான். நான் சொன்னேன், அவசர அவசரமா, மூச்சு விடாம சொன்னேன், குரு, இந்த வாட்ச்சுல இன்னும் உன் எடைதான்டா இருக்கு, தொண்ணூத்தெட்டு, நீ ஆம்பளைன்னு இருக்கு, நான் நடந்ததெல்லாம் தப்புக் கணக்குடா, நித்திலா மாத்தட்டான்னு கேட்டா, நான்தான் உன் பேரை அழிக்கக் கூடாதுன்னு, மெஷின் ஏமாத்திருச்சுடா.  அவன் மூச்சு மட்டும் கேட்டுச்சு, தண்ணி கட்டினவங்களுக்கு வருமே, பாதியில நின்னு வர்ற மூச்சு. திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் திட்டியிருப்பேன்.

"அக்கா, இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லிரு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். வாட்ச் மேல பழி போடாத."

கோபமா சொல்லலை. கடையில மாவு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்கன்னு கேட்கிற மாதிரி சாதாரணமாச் சொன்னான். அவன்தான் கேட்டான். ஊர்ல உறவுல ஒருத்தரும் கேட்காததை, கேட்கக் கூடாத ஆளு, எந்த ஆளு கேட்டா நான் பொய் சொல்ல முடியாதோ அந்த ஆளு கேட்டுட்டான். இல்லை இல்லை நான் குடுக்குறேன்னு சொல்லியிருப்பேன்னு இப்பத்தானே பெருமையா நினைச்சேன், அந்த வார்த்தை வரலை. தேடினேன், நாக்குல இல்லை. "இஷ்டமில்லைடா"ன்னு சொன்னேன். என் குரல்தான், பக்கத்துல யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. "பயமா இருக்கு. செத்துருவேன்னு பயமா இருக்கு. மூணு வாரத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், பார்க்காம மூடி வச்சுட்டேன். தினம் ஒரு பால்பன் தின்னேன்டா." அப்பத்தான் அழுகை வந்துச்சு, கர்ச்சீப்பு இல்லை, முந்தானையை வாய்க்குள்ள வச்சு அமுக்கிக்கிட்டேன், பூங்கா வாசல்கிட்ட ரெண்டு பேர் திரும்பிப் பார்த்துட்டுப் போனாங்க.  வச்சுட்டானோன்னு போனைப் பார்த்தேன், வைக்கலை, நிமிஷக் கணக்கு ஓடிக்கிட்டிருந்துச்சு. உள்ள எங்கயோ ஒரு பாத்திரம் விழுந்துச்சு. அப்புறம் அமுதா குரல் கேட்டுச்சு, கிட்ட வந்து, கையில அந்த அட்டையும் பேனாவும் வச்சுக்கிட்டுத்தான் கேட்டிருப்பா, என்னங்க, அண்ணி எவ்வளவாம், ஏன் பேசாம இருக்கீங்க, என்ன ஆச்சுன்னு. 

அவன் போனை வாயில இருந்து விலக்காமலே அவளுக்குப் பதில் சொன்னான். "ஒண்ணுமில்லை. அக்கா ஸ்கேனுக்குக் கிளம்பிட்டா."

ஆமா, கிளம்பிட்டேன்னு நானும் சொன்னேன். சொல்லிட்டுத்தான் பெஞ்சுல இருந்து எந்திரிச்சேன்.